மட்டக்களப்புக் கூத்தும் அதனைக் காத்தவரும்

ஈழத்தின் கிழக்குக் கரையில் ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்திற்குப் பரந்து கிடப்பது மட்டக்களப்பு வாவி. வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலம் எழுவான்கரை எனவும், வாவிக்கு மேற்கே வயலும் காடுமாய் விரிந்த நிலம் படுவான்கரை எனவும் பெயர்பெறும். ஞாயிறு எழுமிடத்தையும் படுமிடத்தையும் கொண்டே தம் ஊர்களுக்குப் பெயரிட்ட அம்மக்கள், ஆண்டின் வாழ்வையும் அவ்வாறே இயற்கையின் வழியில் வகுத்துக்கொண்டனர். மாரியில் உழவு, மாசி பங்குனியில் பெரும்போக அறுவடை, அதன்பின் கோயிற் சடங்கும் கூத்தும். நெல் வீடு வந்து சேர்ந்த பின்னர், படுவான்கரைச் சிற்றூர் ஒன்றில் இரவில் முழங்கும் மத்தள ஒலி, நீரைக் கடந்து எழுவான்கரைவரை கேட்கும்.

அவ்வொலி எழக் காரணமான கூத்துக்கலை எவ்வாறு பிறந்து வளர்ந்தது என்பது நீண்ட வரலாறு. அது ஏறக்குறைய மறையும் நிலைக்கு வந்ததும், பின்னர் அதனைக் காக்கப் பலர் பலவாறு முயன்றதும், கடந்த நூறு ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தவை. கலையைக் காத்தல் என்னும்போது அதில் எதனைக் காக்கிறோம் என்னும் வினா இவ்வரலாற்றின் ஒவ்வொரு படியிலும் எழுகிறது. இன்றும் அவ்வினாவுக்கு முடிந்த முடிபு கிடைத்திலது.

மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இரு வகைப்படும். வடமோடிக் கூத்துக்களின் கதைகள் பெரும்பாலும் பாரதத்திலிருந்தும் இராமாயணத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை. போரும் வீரமும் அவற்றின் உயிர்நாடி. அரச வேடத்தார் கரப்புடுப்பு என்னும் விரிந்த உடையும் பாரமான முடியும் புயக்கட்டும் அணிந்து களரிக்கு வருவர். தென்மோடிக் கூத்துக்களில் காதலும் கற்பனையும் மிகுதி. அலங்காரரூபன், அனுருத்திரன் முதலிய கதைகள் அவ்வகையின. அவற்றிற்குரிய உடை பாரம் குறைந்தது. ஆதலால் கால்கள் விரைந்து இயங்கவும் ஆட்டம் நுணுக்கமாய் அமையவும் இடமுண்டு. எந்த மோடிக்கு எவ்வகைத் தாளக்கட்டு, எந்தப் பாத்திரத்திற்கு எவ்வகை வரவாட்டம் என்பனவெல்லாம் மரபால் வரையறுக்கப்பட்டவை. இவையன்றி, கண்ணகி வழிபாட்டோடும் மழை வேண்டலோடும் இணைந்த வசந்தன் ஆடல், மகிடிக்கூத்து, பறைமேளக்கூத்து என்பனவும் இப்பகுதிக்கு உரியன.

கூத்தை நன்கு விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், அரங்கேற்ற இரவை மட்டும் பார்த்தல் போதாது. அதற்கு முன்னுள்ள பல மாதங்களையும் நோக்குதல் வேண்டும். ஊர்ப் பெரியோர் கூடி இவ்வாண்டு இன்ன கூத்து ஆடுவோம் என முடிவு செய்து, வெற்றிலை பாக்குடன் அண்ணாவியாரை அழைப்பர். அண்ணாவியார் என்பவர் ஆட்டம், பாட்டு, மத்தளம் ஆகிய மூன்றும் வல்ல ஆசிரியர். அவர் ஆடவருவோரின் குரலையும் உடலமைப்பையும் நோக்கி, இன்னார்க்கு இன்ன வேடம் என வகுத்து, அவரவர்க்குரிய பாடல்களைக் கொடுப்பார். இதற்குச் சட்டம் கொடுத்தல் என்பது பெயர். சட்டம் பெற்றவர் பகலில் வயலிலும் தோணியிலும் தொழில் செய்தவாறே பாடலை மனனம் பண்ணுவர். இரவில் அண்ணாவியார் முன்னிலையில் கால் பழகுவர்.

கால் ஓரளவு பழகியதும் சதங்கை அணிதல் ஒரு சிறு விழாவாக நிகழும். அதன்பின் கிழமைக் கூத்து. அதாவது கிழமையில் ஒரு நாள் ஊரவர் காணப் பழகிய பகுதியை ஆடிக்காட்டல். பின்னர், உடையின்றிக் கூத்து முழுவதையும் தொடர்ச்சியாக ஆடிப்பார்க்கும் அடுக்குப் பார்த்தல். இவை யாவும் நிறைவுற்ற பின்னரே அரங்கேற்றம். அரங்கேற்றத்தின் பின்னும் கூத்து முடிந்துவிடுவதில்லை; ஆடுநர் வீடுவீடாய்ச் சென்று ஆட, வீட்டார் தம்மால் இயன்றதை வழங்குவர். இவ்வாறு ஒரு கூத்து ஓர் ஊரைப் பல மாத காலம் பிணித்து வைத்திருக்கும். பிள்ளைகள் திண்ணையிலிருந்து பார்த்துப் பார்த்தே பாடலைக் கற்றுக்கொள்வர். வேடம் புனையாத முதியவரும் எந்தத் தாளத்தில் எந்தக் கால் பிழைத்தது என்பதை அறிவர்.

அரங்கேறும் இடம் வட்டக்களரி. மண்ணை வட்டமாக உயர்த்தி, சுற்றிலும் கம்பங்கள் நட்டு, மேலே வெள்ளை கட்டி அதனை அமைப்பர். களரியின் நடுவே மத்தளத்துடன் அண்ணாவியாரும், சல்லரியுடன் பிற்பாட்டுப் பாடும் சபையோரும், ஏடு பார்ப்பவரும் நிற்பர். அவர்களைச் சுற்றி ஆடுநர் ஆடுவர். களரியைச் சுற்றி நாற்புறமும் ஊரவர் பாய் விரித்து இருப்பர். பார்ப்போர் எத்திசையில் இருப்பினும் ஆடுநர் அத்திசைக்கு வருவர் ஆதலின், முன்னிடம் பின்னிடம் என்னும் வேறுபாடு அங்கு இல்லை. இரவு தொடங்கிய ஆட்டம் விடிந்த பின்பே நிறைவுறும். பெண் வேடத்தையும் ஆடவரே புனைவர். மகன் களரியில் வரும்போது தாய் எழுந்து நிற்பதும், உறவினர் சால்வை போர்த்துவதும் அவ்விரவின் காட்சிகள்.

இத்தகைய கூத்து இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தளரத் தொடங்கியது. காரணங்கள் பல. தென்னிந்திய நாடகக் குழுக்களின் வழிவந்த மேடை நாடகமும், திரையும் காட்சியுமாய் நகரத்தாரைக் கவர்ந்தது. அதன் பின் சினிமா வந்தது. ஆங்கிலக் கல்வி பெற்றோர் கூத்தைப் படியாதவர் பொழுதுபோக்கு எனக் கருதினர். பாடசாலை சென்ற இளைஞர் உத்தியோகம் நாடி வேறூர் செல்ல, பல மாதம் இரவில் கால் பழகும் ஓய்வு குறைந்தது. அண்ணாவியாருக்குச் சீடர் இல்லையெனின் அவர் கற்றது அவரோடே போகும். ஏடுகளும் கொப்பிகளும் செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாயின.

இந்நிலையில் முதலில் வந்தவர் தொகுப்பாளர். தி. சதாசிவ ஐயர் மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு என்னும் நூலை 1940ஆம் ஆண்டில் வெளியிட்டார். வாய்வழியாய் வழங்கிய ஆடற்பாடல்கள் அச்சேறியதில் அது முன்னோடியான பணி. வாவியின் தென்பாலுள்ள காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள், 1926இல் மதங்க சூளாமணி வாயிலாக நாடகவியலையும், 1947இல் யாழ் நூல் வாயிலாகத் தமிழிசையையும் ஆராய்ந்து, இக்கலைகள் புலமைக்கு உரிய பொருள்கள் என்னும் மதிப்பை நிலைநாட்டினார். 1964இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் அப்பகுதியின் வழக்காறுகளைத் தொகுத்துரைத்தது. நூலோர் செய்த இப்பணி இல்லையேல் பல பாடல்கள் இன்று நமக்குக் கிட்டியிரா. ஆயினும் ஏடு பாடலைக் காக்குமேயன்றிக் காலைக் காக்க வல்லதன்று. தாளக்கட்டின் சொற்களை அச்சிடலாம். அச்சொற்களுக்கு அடி எடுத்து வைக்கும் முறையை ஆடுவார் ஒருவர் அருகில் நின்று காட்டுதல் வேண்டும்.

அடுத்த முயற்சி பல்கலைக்கழகத்திலிருந்து எழுந்தது. அதற்குத் தூண்டுதலாய் அமைந்தது சிங்கள நாடகத்தில் நிகழ்ந்த ஒரு மறுமலர்ச்சி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த எதிரிவீர சரச்சந்திர சிங்களக் கிராமிய நாடகங்களை ஆராய்ந்தவர். தமிழ்க் கூத்தோடு நெருங்கிய உறவுடைய நாடகம் என்னும் சிங்களக் கூத்து மரபை அடியாகக் கொண்டு, 1956இல் அவர் மனமே என்னும் நாடகத்தை மேடையேற்றினார். கற்றோரும் மற்றோரும் அதனை வியந்து போற்றினர். கிராமத்துக் கலை என ஒதுக்கப்பட்டதே ஒரு நாட்டின் உயர்ந்த நாடகத்திற்கு ஊற்றாக முடியும் என்பதை அது காட்டிற்று.

அதே பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறையில் இருந்தவர் கலாநிதி சு. வித்தியானந்தன். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையைச் சேர்ந்த அவர், இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கி, மட்டக்களப்பு, மன்னார் முதலிய பகுதிகளுக்குச் சென்று கூத்துக்களைக் கண்டார். அண்ணாவிமாரை ஒன்றுகூட்டி மதிப்பளித்தார். மட்டக்களப்புத் தென்மோடி நாடகமாகிய அலங்காரரூபனை 1962இல் பதிப்பித்தார். அதற்கும் மேலாக, கூத்தைப் பல்கலைக்கழக மாணவரே ஆடுதல் வேண்டும் எனத் துணிந்தார். 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், பின்னர் வாலி வதை என ஒன்றன்பின் ஒன்றாகப் பேராதனையில் கூத்துக்கள் உருவாயின.

அவற்றுள் முதற்கண் அமைந்த கர்ணன் போருக்கு ஆட்டம் பயிற்றியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். வாவிக்கரை ஊரொன்றில் களரி கண்ட அவர், மலைநாட்டிலுள்ள பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு மாணவருக்கு ஆசிரியராய் நின்றார். படியாதவர் கலை எனப் பழித்த காலம் போய், படித்தவர் அண்ணாவியாரிடம் கால் பழகும் காலம் வந்தது. கூத்தின் வரலாற்றில் இது ஒரு பெருந்திருப்பம். வாவிக்கரை ஊர்களிலும் இதனால் ஒரு புதிய மதிப்பு எழுந்தது. தம் தந்தையர் ஆடிய ஆட்டத்தைக் கொழும்பு மேடையிலே கண்ட இளைஞர், தாம் வெட்கப்படுதற்கு ஏதுமில்லை என உணர்ந்தனர்.

ஆயினும் மேடைக்கு வந்த கூத்து களரியில் இருந்த கூத்தாக இருக்கவில்லை. விடியும்வரை நிகழ்ந்த ஆட்டம் இரண்டொரு மணித்தியால அளவுக்குச் சுருங்கிற்று. நாற்புறமும் நோக்கிய ஆட்டம் ஒருபுறம் இருந்து பார்ப்போருக்காகத் திருப்பப்பட்டது. நடுக்களரியில் நின்ற அண்ணாவியாரும் சபையோரும் மேடையின் ஒருபுறத்திற்கு ஒதுங்கினர். ஒரே பாடலை மீண்டும் மீண்டும் பாடுதல் தவிர்க்கப்பட்டது. உணர்ச்சியை வெளிப்படுத்தும் நடிப்புக்கு இடம் கூடிற்று. மாணவியரும் ஆட வந்தனர். இம்மாற்றங்களை வித்தியானந்தன் மறைக்கவில்லை. நகரத்துக் காண்போரைக் கருதியே செய்தார்.

இராவணேசனை எழுதி அதில் ஆடியவர் அப்போது மாணவராயிருந்த சி. மௌனகுரு. மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த அவர் கூத்தை ஊரிலேயே அறிந்தவர். இராவணனைத் தன் வீழ்ச்சியைத் தானே தேடிக்கொள்ளும் பெருவீரனாக அக்கூத்தில் நிறுத்தினார். பின்பு 1969இல் சங்காரம் என்னும் நாடகத்தில் வடமோடி ஆட்டத்தையும் பாட்டையும் சமுதாய ஏற்றத்தாழ்வை எடுத்துரைக்கப் பயன்படுத்தினார். மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றிய அவரது ஆய்வு 1998இல் நூலாயிற்று. ஆடுவோராகவும் ஆராய்வோராகவும் ஒருவரே அமைந்தமையால், அந்நூலில் அடியும் தாளமும் உடையும் களரியும் உள்ளவாறே பதிவாயின.

இவ்வாறு மேடையேறிய கூத்தைப் பற்றி இருவேறு கருத்துக்கள் எழுந்தன. மேடை இல்லையெனில் கூத்து அழிந்திருக்கும் என்றனர் ஒரு சாரார். மேடையில் வாழ்வது கூத்தின் உருவமே; ஊரோடு அதற்கிருந்த உறவு போய்விட்டது என்றனர் மற்றொரு சாரார். இவ்வழக்கு ஈழத்துக்கு மட்டும் உரியதன்று. உலகின் பல பகுதிகளில், பழைய ஆடலைப் புதிய வாழ்வுக்குள் கொண்டுவர முயன்ற மக்கள் யாவரும் இதனை எதிர்நோக்கியுள்ளனர். அவர்களுள் யூத மக்களின் அனுபவம் நம் நாட்டுக் கூத்தோடு ஒப்பிடத்தக்கது.

ஐரோப்பாவிலிருந்து பாலஸ்தீனம் சென்று கூட்டுப் பண்ணைகளில் குடியேறிய யூத இளைஞர், தமக்கென ஆடல் வேண்டும் என விழைந்தனர். அவர்கள் அறிந்திருந்தவை போலந்தின் ஆடலும் ருமேனியாவின் ஹோரா என்னும் வட்ட ஆடலும் போல்வன. 1944ஆம் ஆண்டில் தாலியா என்னும் கூட்டுப் பண்ணையில் குரித் கத்மன் என்னும் அம்மையார் ஓர் ஆடல் விழாவைக் கூட்டினார். ஆடுநர் ஏறக்குறைய 200 பேர். அவ்விழா 1968 வரை ஐந்து முறை நிகழ்ந்தது. அரபு அயலவரின் ஆடல், யேமன் நாட்டு யூதரின் அடிவைப்பு ஆகியவற்றையும் கலந்து புதிய ஆடல்கள் பல இயற்றப்பட்டன. நாளடைவில் அவை உலகெங்குமுள்ள யூதர் திருமணங்களிலும் விழாக்களிலும் பரவின.

1949, 1950ஆம் ஆண்டுகளில் யேமன் நாட்டு யூதர் பல்லாயிரவர் இஸ்ரேல் வந்தடைந்தனர். அவர்களிடம் பழைய ஆடல் உயிரோடு இருந்தது. ஆடவர் தமக்குள் சமயப் பாடல்களைப் பாடி ஆடுவர். பெண்டிர் வேறாகக் கூடி, அரபுமொழிப் பாடலுக்குப் பறையும் செப்புத்தட்டும் கொட்டி ஆடுவர். திருமணமே அவ்வாடலுக்கு உரிய களம். 1949இல் சாரா லேவி தனாய் அம்மையார் அம்மரபைக் கொண்டு இன்பால் என்னும் ஆடற்குழுவை நிறுவி, உலக மேடைகளில் அதற்குப் புகழ் தேடித்தந்தார். மேடையில் புகழ் பெருக, குடியேறிய யேமனியர் இல்லங்களில் இளையோர் அவ்வாடலைக் கைவிடும் நிலை உண்டாயிற்று. அதனைக் கண்ட குரித் கத்மன், புதிய ஆடல்களை வளர்த்த தாமே, பிற்காலத்தில் யேமனியரும் குர்திஸ்தானத்து யூதரும் பிறரும் தத்தம் சமூகத்துள் பழைய ஆடலைத் தொடர்ந்து ஆடுதற்கும், அதனைப் படமாக்கிப் பேணுதற்கும் முயன்றார். முதலில் மேடை, பின்னர் சமூகம் என்னும் அவ்வழி நம் கூத்தின் வரலாற்றிலும் மீண்டும் காணப்படும்.

இன்னும் அணித்தே ஓர் எடுத்துக்காட்டுண்டு. கொச்சியிலும் அதனை அடுத்த பறவூர், சேந்தமங்கலம் முதலிய இடங்களிலும் பன்னூறாண்டு வாழ்ந்த யூதப் பெண்டிர், மலையாள மொழியில் அமைந்த பாடல்களைக் கொப்பிகளில் எழுதித் தாயிடமிருந்து மகள் பெற்றுப் பேணினர். திருமணங்களில் அவற்றைப் பாடினர். சில பாடல்களுக்கு வட்டமாய் நின்று கைகொட்டி ஆடவும் செய்தனர். 1950களில் அச்சமூகத்தார் பெரும்பாலோர் இஸ்ரேல் சென்றனர். கொப்பிகள் உடன் சென்றன. எனினும் புதிய நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு மலையாளம் விளங்கவில்லை. முதிய பெண்டிர் பாடப் பதிவு செய்து, கொப்பிகளை ஒப்புநோக்கிய பின்னரே பல பாடல்களின் இசை மீண்டது. அண்ணாவியார் வீட்டுக் கூத்துக் கொப்பியை அறிந்தவர்க்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது. எழுத்து எஞ்சினும், அதனைப் பாடும் நா எஞ்சினாலன்றிப் பாடல் எஞ்சுவதில்லை.

மட்டக்களப்பில் அவ்வாறு நா ஒடுங்கும் காலமும் வந்தது. 1980களில் மூண்ட போர், குறிப்பாக 1990ஆம் ஆண்டின் பின், வாவியின் இருகரைகளையும் வருத்தியது. ஊர்கள் பெயர்ந்தன. இரவில் வெளியே நடமாடுதலே அரிதாயிருந்த நாளில், விடியுமளவும் களரியில் மத்தளம் முழங்குவது எவ்வாறு? சட்டம் பெறவேண்டிய வயதினர் பலர் ஊரிலில்லை; பலர் உயிரோடுமில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுவான்கரையைத் தாக்கிப் பெருந்துயர் விளைத்தது. கிழக்கில் 2007இலும் நாடு முழுவதும் 2009இலும் போர் ஓய்ந்தது. இத்தனைக்கும் இடையில், சற்று அமைதி கிட்டிய போதெல்லாம் கன்னன்குடா போன்ற ஊர்களில் கூத்து மீண்டும் தலையெடுத்தது என்பது, அக்கலை மக்கள் வாழ்வில் எவ்வளவு ஆழ வேரூன்றியது என்பதைப் புலப்படுத்தும்.

கல்வி நிறுவனங்களும் இக்காலத்தில் துணைநின்றன. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம், செல்லையா அண்ணாவியாரின் ஊராகிய வந்தாறுமூலையிலேயே அமைந்தது. கல்லடியில் 1982இல் விபுலாநந்த அடிகள் பெயரால் எழுந்த இசை நடனக் கல்லூரி, பின்னர் அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாயிற்று. அங்கு கூத்து ஒரு கற்கைப் பொருளாயிற்று. பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் கற்கும் மாணவர் வடமோடி, தென்மோடி வேறுபாட்டைப் பரீட்சைக்காகவேனும் கற்கின்றனர். தமிழ்த்தினப் போட்டிகளில் பிள்ளைகள் கூத்து ஆடுகின்றனர். மௌனகுரு ஓய்வு பெற்ற பின்னும் மட்டக்களப்பில் அரங்க ஆய்வுகூடம் நடத்தி இளையோரைப் பயிற்றியும், இராவணேசனைப் புதுக்கி மேடையேற்றியும் வந்தார்.

மேடையும் பாடத்திட்டமும் மட்டும் போதா எனக் கருதியோர் ஊருக்கே திரும்பினர். கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் என்னும் குழுவினரும், 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மட்டக்களப்பு நகரையடுத்த சீலாமுனை என்னும் ஊரில், ஊரவரோடு கூடிக் கூத்து மீளுருவாக்கம் என்னும் பணியைத் தொடங்கினர். கூத்தை மேடைக்கேற்பச் சுருக்குவது அவர் நோக்கமன்று. களரி களரியாகவே இருக்கும், அண்ணாவியாரே தலைவர், ஆடுவோர் ஊரவரே. மாற்றம் வேண்டுமாயின் அதனை ஊரவரே கலந்து பேசி முடிவு செய்வர்.

மாற்றம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. பழைய கூத்தில் போற்றத்தக்கன பல உள. மறைக்கக்கூடாத குறைகளும் உள. அரச வேடம் எவர்க்கு, ஏவலர் வேடம் எவர்க்கு என்பதில் ஊரின் சாதிப் படிநிலை இடம்பெற்றது உண்டு. பெண்கள் களரியைச் சுற்றியிருந்து கண்டனரேயன்றிக் களரியில் ஏறினாரல்லர். பாடல்களில் பெண்ணை இழித்துரைக்கும் அடிகளும் சாதிப்பெயர் கூறி எள்ளும் அடிகளும் இருந்தன. மரபு என்பதற்காக இவற்றையும் பேணுதல் வேண்டுமோ? மீளுருவாக்கத்தில் இவ்வினாக்கள் அண்ணாவியாரும் ஊர்ப்பெண்டிரும் இளைஞரும் கூடியிருந்த சபையில் வெளிப்படையாக எழுப்பப்பட்டன. பாடல்கள் திருத்தப்பட்டன, கதைகளும் புதிய நோக்கில் அமைந்தன. சிறுவரும் சிறுமியரும் கால் பழகினர். யேமனிய ஆடலில் வேறாய் நின்ற ஆடவரும் பெண்டிரும் புதிய நாட்டு மேடையில் ஒன்றாய் ஆடியதையும் இங்கு நினைத்தல் தகும். அங்கு அம்மாற்றத்தை இயற்றியவர் மேடைக் கலைஞர். இங்கு அதனை ஊரே பேசித் தீர்க்க முயன்றது.

இந்நூறாண்டு வரலாற்றில் கூத்தைக் காக்க முயன்றோர் பலர். தொகுப்பாளர் பாடலைக் காத்தனர். வித்தியானந்தனும் அவர் மாணவரும் கூத்துக்கு மதிப்பைத் தேடித்தந்தனர். ஆய்வாளர் அடியையும் தாளத்தையும் விளக்கிப் பதிந்தனர். பாடசாலை அடுத்த தலைமுறைக்குக் கூத்தின் பெயரையேனும் சொல்லிக்கொடுத்தது. இவருள் எவரையும் குறைத்து மதிப்பிடல் ஆகாது. ஆயின் இவை யாவும் சேர்ந்தும், களரியில் முதன்முறை சதங்கை கட்டி நிற்கும் ஒரு வேளாண் மகனின் அல்லது மீனவர் மகளின் உள்ளத்தில் எழும் கிளர்ச்சியைத் தரவல்லன அல்ல. அது ஊரார் முன்னிலையில், ஊரார் பல மாதம் உழைத்துத் தரும் பேறு. அதனாலேயே களரியும், அதற்கு முன்னுள்ள மாதங்களும், அவற்றை நடத்தும் அண்ணாவியாரும் இன்றியமையாதவர் ஆகின்றனர்.

இன்றைய வாழ்வில் அம்மாதங்களுக்கு இடம் காண்பது எளிதன்று. இளைஞர் பலர் வெளிநாடு சென்றுள்ளனர். கையடக்கத் தொலைபேசியின் சிறு திரை ஒவ்வொருவருக்கும் ஒரு தனி அரங்காயிற்று. ஆடை அணிக்கும் களரிக்கும் ஆகும் செலவு ஊருக்குச் சுமையாகிறது. எனினும் வழியில்லை என்று சொல்லிவிட முடியாது. கூத்து அறிந்த முதியவர் ஒருவர் இருக்கும் ஊரிலே, பாடசாலை அவரை ஆசிரியராக அழைத்து, உரிய ஊதியமும் மதிப்பும் அளித்தல் கூடும். போட்டிக்கெனப் பத்து நிமிட ஆட்டம் பழகிய பிள்ளைகள், விடுமுறையில் ஊர்க்களரியில் முழுக் கூத்தையும் காணவும் அதில் ஒரு சிறு வேடம் பெறவும் வழி செய்யலாம். பாடலைப் பதிவு செய்வோர், ஆடுநரின் கால்களையும் அண்ணாவியாரின் திருத்தங்களையும் சேர்த்தே பதிவு செய்தல் நன்று. அண்ணாவியார் வீட்டுக் கொப்பிகள் படியெடுக்கப்பட்டு, மூலம் அவ்வீட்டிலேயே இருத்தல் வேண்டும். இவை பெரும் பொருட்செலவு வேண்டாதவை. மனம் வைத்தால் ஓர் ஊரின் கோயிற்சபையும் பாடசாலையும் கூடிச் செய்யத்தக்கவை.

கூத்துப் பாடல் அச்சிலிருக்கிறது. அதன் ஆட்டம் ஒளிப்படத்தில் இருக்கிறது. அதன் வரலாறு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அறுவடை முடிந்த ஓர் இரவில், வெற்றிலைத் தட்டுடன் அண்ணாவியார் வீட்டு வாயிலில் ஊர்ப்பெரியோர் சென்று நிற்பதே இனி வேண்டுவது. அவ்வாறு அவர் சென்று நிற்கும் ஆண்டுகளில் எல்லாம், படுவான்கரையில் எழும் மத்தள ஒலியை எழுவான்கரை மக்கள் கேட்பர்.